சூடு நின்றுவிட்டதா, மெதுவாகிவிட்டதா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்குச் சரி. ஒரு மோட்டார் சூடாகி முடித்துவிட்டதா என்று பார்க்க ஒரு பதம் போதாது. குறைந்தது மூன்று வேண்டும், சில சமயம் பத்தும் வேண்டும். போன விடுமுறையில் இரண்டு வாரம் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு விஷயம்தான். நம் டிபார்ட்மென்ட் மக்களுக்கு வைவாவில் உதவும், மற்றவர்களுக்கு வீட்டுக்கு மோட்டார் வாங்கும்போது உதவும் என்று எழுதுகிறேன். கணக்கு கொஞ்சம் வரும். பயப்படாதீர்கள், பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிப் போகாது.

நான் போனது கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்ன டெஸ்டிங் லேப். பம்ப், கிரைண்டர், மிக்சி, அயர்ன் பாக்ஸ் என்று எல்லாம் வரும். கோவையில் பம்ப்புக்கா பஞ்சம்! அங்கே நடக்கும் சோதனைகளில் ஹை வோல்டேஜ் டெஸ்ட் மாதிரி சுவாரசியமானவை எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நாள் முழுக்க உட்கார வைப்பது வெப்ப உயர்வுச் சோதனை. பொருளின் உள்ளே பல இடங்களில் தெர்மோகப்பிள் ஒட்டி, உள்ளதிலேயே மோசமான மின்னழுத்தம் கொடுத்து ஓட விடுவார்கள். வீட்டு உபயோகப் பொருட்களுக்கான ஐ.இ.சி. 60335-1 தரநிலைப்படி, மோட்டாரால் இயங்கும் பொருளுக்கு 0.94 மடங்கிலிருந்து 1.06 மடங்கு வரை எந்த மின்னழுத்தத்தில் அதிகம் சூடாகிறதோ அந்த மின்னழுத்தம். 230 வோல்ட் என்றால் 216-லிருந்து 244-க்குள். இதை ஒட்டி நம் நாட்டில் இருப்பது ஐ.எஸ். 302-1. தெர்மோகப்பிள் கம்பி 0.3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. தடித்த கம்பி என்றால் அதுவே சூட்டை உறிஞ்சி வெளியே கடத்திவிடும், அளவு குறைவாகக் காட்டும்.

இதெல்லாம் செய்துவிட்டு என்ன பார்க்க வேண்டும்? வெப்பநிலை ஏறி ஏறி ஒரு இடத்தில் நிலைக்கும். அந்த நிலையான வெப்பநிலை, சுற்றுப்புறத்தை விட எத்தனை டிகிரி அதிகம் என்பதுதான் வெப்ப உயர்வு. (வெப்பநிலையை டிகிரி செல்சியஸிலும், உயர்வைக் கெல்வினிலும் சொல்வது வழக்கம். ஒரு கெல்வின் உயர்வும் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வும் ஒன்றுதான்.) பி வகுப்பு இன்சுலேஷன் போட்ட வைண்டிங் என்றால் அந்தத் தரநிலையில் 95 கெல்வின் வரை அனுமதி. எஃப் வகுப்பு என்றால் 115.

கேட்க எளிது. சிக்கல் ‘நிலைக்கும்’ என்ற சொல்லில் இருக்கிறது. எப்போது நிலைத்தது என்று யார் சொல்வது?

நியூட்டன் 1701-லேயே ஒரு விஷயம் சொன்னார். சூடான பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. சூடாவதும் இதே கதைதான். மோட்டார் உள்ளே ஒரே அளவு இழப்பு வெப்பமாகிக்கொண்டே இருக்கிறது. ஆரம்பத்தில் மோட்டார் குளிர்ச்சியாக இருப்பதால் வெளியே போகும் வெப்பம் குறைவு, வேகமாகச் சூடேறும். சூடேற ஏற வெளியே போவது கூடும், ஏற்றம் மெதுவாகும். உள்ளே உண்டாவதும் வெளியே போவதும் சமமானால் நின்றுவிடும்.

ஆனால் கணக்குப்படி அது என்றைக்கும் நிற்காது! நாம் படித்த எக்ஸ்பொனென்ஷியல் வளைவு. ஒரு கால மாறிலி நேரத்தில் 63 சதவீதம், மூன்றில் 95, ஐந்தில் 99.3. நூறு வரவே வராது, நெருங்கிக்கொண்டே போகும். ஆக, ‘நிலைத்துவிட்டது’ என்பது மோட்டார் நமக்குச் சொல்லும் செய்தி அல்ல. நாம் எடுக்கும் முடிவு. எங்கே நிறுத்துவது என்று ஒருவர் கோடு கிழித்தாக வேண்டும்.

இப்போது அந்த லேபில் நான் உட்கார்ந்து பார்த்த ஒரு பம்ப்பின் கதை. அரை ஹெச்.பி. வீட்டு பம்ப், பி வகுப்பு வைண்டிங். தயாரித்தவரின் உண்மையான எண்களை வெளியில் சொல்லக் கூடாது. அதனால் வளைவின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எண்களை மாற்றித் தருகிறேன். அரை மணிக்கு ஒரு தடவை வெப்ப உயர்வு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 49, 73, 85, 91, 94.

இரண்டரை மணி நேரம் ஓடியாகிவிட்டது. உயர்வு 94, வரம்பு 95. கடைசி அரை மணியில் ஏறியது வெறும் 3. காலையிலிருந்து கூடவே உட்கார்ந்திருந்த கம்பெனி உரிமையாளருக்கு நிம்மதி. நாற்பது, ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்.

“அதான் நின்னு போச்சுங்களே சார். ரிப்போர்ட் போட்டுரலாமுங்களா?” என்றார்.

லேப் இன்ஜினியர் மீட்டரைப் பார்க்கவே இல்லை, நோட்டைப் பார்த்தார். பிறகு என்னிடம், “தம்பி, முதல்ல எவ்வளவு ஏறுச்சு, அப்புறம் எவ்வளவுன்னு வித்தியாசத்த மட்டும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன். 24, 12, 6, 3.

“அடுத்தது என்ன வருமுங்க?”

ஒன்றரை. அப்புறம் முக்கால். அப்புறம் அதில் பாதி. எல்லாவற்றையும் கூட்டினால் 3. அதாவது 94-ல் நிற்கப் போவதில்லை, 97-க்குப் போகப் போகிறது. வரம்பு 95! கணிதத்தில் முடிவிலிப் பெருக்குத் தொடரின் கூடுதல் என்று ஒன்று படித்தோமே, அதற்கு ஒரு உபயோகம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“இன்னும் மூணு ரீடிங் பாத்துருவோமுங்க” என்றார் இன்ஜினியர். உரிமையாளர் முகம் சுருங்கியது. அடுத்தடுத்து 95.5, 96.2, 96.6 வந்தது.

உரிமையாளர் விடவில்லை. “ஒண்ணு ஒண்ணரை டிகிரிக்கா சார் ஃபெயில் பண்ணுவீங்க? உங்க ஒயரே அவ்வளவு தப்பா காட்டுமுங்களே” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கே வகைத் தெர்மோகப்பிளில் சாதாரண ரகம் 2.5 டிகிரி வரை கூடக் குறையக் காட்டலாம் என்பது அதன் தரநிலையிலேயே அனுமதிக்கப்பட்ட விஷயம். இன்ஜினியரும் மறுக்கவில்லை. இன்னொரு வழியில் பார்த்துவிடலாம் என்றார்: மின்தடை முறை.

செம்பின் மின்தடை சூடாக ஆக ஏறும். அறை வெப்பநிலையில் டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம். அதனால் ஓடுவதற்கு முன் ஒரு தடவை, நிறுத்தியவுடன் ஒரு தடவை வைண்டிங்கின் மின்தடையை அளந்தால் மொத்த வைண்டிங்கின் சராசரி உயர்வு கிடைத்துவிடும். காலையில் 28 டிகிரியில் 8 ஓம், மாலையில் 11.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கூடியது 3.05. அதை 8-ஆல் வகுத்தால் 0.381. செம்புக்கு உரிய மாறிலி 234.5, அதோடு 28-ஐக் கூட்டினால் 262.5. பெருக்கினால் 100. இடையில் அறை 28-லிருந்து 31 ஆகியிருந்தால் அந்த 3-ஐக் கழிக்க வேண்டும். வெப்ப உயர்வு 97.

இதில் ஒரு அவசரம் உண்டு. சுவிட்சை அணைத்த நொடியே வைண்டிங் ஆற ஆரம்பித்துவிடும். அதனால் நிறுத்தியதிலிருந்து சில நொடிகளுக்கு ஒரு தடவை மின்தடையைக் குறித்து, வரைபடம் போட்டு, கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அணைத்த நொடியில் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்க்கிறார்கள். மீட்டரை ஒருவர் படிக்க, ஸ்டாப்வாட்சை ஒருவர் பார்க்க, நான் எழுத... ரிலே ரேஸ் மாதிரி இருந்தது.

இதிலும் வரம்பைத் தாண்டியதால் உரிமையாளர் அதற்கு மேல் பேசவில்லை. “ஃபேன் கவரை மாத்தினா சரியாகுமுங்களா?” என்று மட்டும் கேட்டார். “அதை நான் சொல்லக் கூடாதுங்க, நான் அளந்து மட்டும்தான் சொல்லணும்” என்றார் இன்ஜினியர். சோதிப்பவரே வடிவமைப்புக்கு யோசனை சொன்னால், நாளைக்குத் தன் யோசனையைத் தானே சோதிக்கிற மாதிரி ஆகிவிடும் அல்லவா?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். “அரை மணியில் 3 டிகிரிதான் ஏறியது, நிலைத்துவிட்டது” என்று அந்த உரிமையாளர் சொன்னது ஒன்றும் அவர் வாய்க்கு வந்தது அல்ல. ஆடியோ, வீடியோ, கம்ப்யூட்டர் சாதனங்களுக்கான ஐ.இ.சி. 62368-1 தரநிலை ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: 30 நிமிடத்தில் 3 கெல்வினுக்கு மேல் ஏறாவிட்டால் நிலைத்ததாகக் கொள்ளலாம். சுழலும் மின் இயந்திரங்களுக்கான ஐ.இ.சி. 60034-1 மணிக்கு 2 கெல்வின் என்கிறது. பெரிய மின்மாற்றிகளுக்கான ஐ.இ.சி. 60076-2 இன்னும் கண்டிப்பு: மேல் எண்ணெயின் வெப்ப உயர்வு மாறும் வேகம் மணிக்கு 1 கெல்வினுக்குக் கீழே வந்து, அப்படியே 3 மணி நேரம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் யு.எல். தரநிலைகள் பலவற்றில் வேறு பாணி: அதுவரை ஓடிய நேரத்தில் 10 சதவீதம் இடைவெளி விட்டு, அடுத்தடுத்து மூன்று ரீடிங் எடுத்து, அவற்றில் மேற்கொண்டு ஏற்றம் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு எண் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி? எல்லோரும் சரிதான், அவரவர் பொருளுக்கு. காரணம் ஒரே ஒரு வரிக் கணக்கு: இன்னும் ஏற வேண்டிய பாக்கி = இப்போது ஏறும் வேகம் × கால மாறிலி.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கால மாறிலி 20 நிமிடம் உள்ள ஒரு சின்ன அடாப்டர். கடைசி 30 நிமிடத்தில் 3 கெல்வின் ஏறியிருந்தால், பாக்கி இருப்பது ஒரு கெல்வினுக்கும் குறைவு. தாராளமாக அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதே விதியைக் கால மாறிலி 2 மணி நேரம் உள்ள கனமான ஒரு பொருளுக்குப் போட்டால்? கடைசி 30 நிமிடத்தில் அதே 3 கெல்வின்தான் ஏறியிருக்கிறது, ஆனால் பாக்கி 10 கெல்வினுக்கு மேல்! மீட்டரில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ‘நின்ற’ மாதிரிதான் தெரியும். ஒன்று உண்மையிலேயே முடித்துவிட்டது. இன்னொன்று யானை நடை நடந்துகொண்டிருக்கிறது.

இதனால்தான் எனக்கு அந்த 10 சதவீத முறை பிடித்தது. ஒரு மணி நேரம் ஓடிய பொருளை 6 நிமிடத்துக்கு ஒரு தடவை பார். பத்து மணி நேரம் ஓடியதை ஒரு மணிக்கு ஒரு தடவை பார். பொருள் எவ்வளவு மந்தமோ அவ்வளவு பொறுமையை அதுவே நம்மிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கால மாறிலி என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

காத்திருக்காமல் கணக்குப் போட்டே இறுதி வெப்பநிலையைச் சொல்லிவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். சம இடைவெளியில் மூன்று ரீடிங் போதும். 85, 91, 94 என்றால் ஏற்றம் 6, 3. கடைசி ஏற்றத்தின் வர்க்கம் 9. அதை இரண்டு ஏற்றங்களின் வித்தியாசமான 3-ஆல் வகுத்தால் 3. அதைக் கடைசி ரீடிங்கோடு கூட்டினால் 97. எய்ட்கின் என்ற கணித அறிஞர் 1926-ல் வெளியிட்ட முறை இது, நியூமெரிக்கல் மெத்தட்ஸ் படித்தவர்களுக்குப் பெயர் ஞாபகம் இருக்கலாம். ஆனால் அந்த இன்ஜினியர் இதை எப்போது நிறுத்தக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் பயன்படுத்தினார், ரிப்போர்ட்டில் போடுவதற்கு அல்ல. மோட்டார் ஒரே ஒரு கால மாறிலி உள்ள பொருள் என்று நினைத்துக்கொண்டால் மட்டுமே இந்தக் கணக்கு சரி. உண்மையில் வைண்டிங் சீக்கிரம் சூடாகும், வெளியே உள்ள வார்ப்பிரும்பு உடம்பு மெதுவாகச் சூடாகும். வைண்டிங் கொஞ்ச நேரம் நின்ற மாதிரி காட்டிவிட்டு, உடம்பு சூடாக ஆக மறுபடி மெல்ல ஏறும். வைண்டிங் சூடானால் அதன் மின்தடை கூடும் என்று மேலே பார்த்தோம். மின்தடை கூடினால் இழப்பும் கூடும், அது இன்னும் கொஞ்சம் சூடாக்கும். ஆக, வளைவின் வால் புத்தகத்தில் இருப்பதை விட நீளம்.

ஏமாற்றுபவை இன்னும் சில இருக்கின்றன. முதலாவது அறை. ஏ.சி. இல்லாத லேபில் காலை பத்து மணிக்கு 28 டிகிரி, மதியம் 32. மோட்டார் நிலைத்த பிறகும் அறையோடு சேர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையைக் கழித்துப் பார்ப்பது பாதித் தீர்வுதான். கதவைத் திறந்தால் காற்று உடனே மாறும், மோட்டார் மெதுவாகத்தான் மாறும். அதனால் பெரிய இயந்திரங்களைச் சோதிக்கும்போது அறை வெப்பநிலை அளக்கும் தெர்மாமீட்டரை எண்ணெய் நிரப்பிய கிண்ணத்தில் வைப்பார்கள், அதுவும் கொஞ்சம் மந்தமாக மாறட்டும் என்று. பம்ப் என்றால் இன்னொன்றும் உண்டு. தொட்டியில் உள்ள அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. தொட்டி சின்னதாக இருந்தால் தண்ணீரே சூடாகிவிடும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட் உள்ள பொருட்கள். அயர்ன் பாக்ஸ் என்றைக்கும் ஒரு வெப்பநிலையில் நிற்காது, ஏறும் இறங்கும். அதில் ‘நிலைத்தது’ என்றால் உச்சங்கள் எல்லாம் ஒரே அளவில் வருகின்றன என்று அர்த்தம். ஒரு உச்சத்தை இன்னொரு உச்சத்தோடுதான் ஒப்பிட வேண்டும், உச்சத்தைப் பள்ளத்தோடு அல்ல.

மூன்றாவதுதான் மோசமானது. கோடு அழகாகச் சமதளமாகிவிடும். ‘ஆஹா, நிலைத்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டால், சூட்டில் பசை இளகித் தெர்மோகப்பிள் கழன்று காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். ரொம்ப அழகான வளைவைப் பார்த்தால் அந்த இன்ஜினியர் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பார்.

சரி, இரண்டு மூன்று டிகிரிக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. மான்ட்சிங்கர் என்பவர் 1930-ல் மின்மாற்றிகளின் இன்சுலேஷனைப் பற்றிச் சொன்னது: வெப்பநிலை 8 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். பொதுவாகத் தொழிலில் 10 டிகிரிக்குப் பாதி என்று தோராயமாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 3 டிகிரி என்பது ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. கனமான பொருளில் கவனிக்காமல் விட்ட 10 டிகிரி என்பது ஆயுளில் சரிபாதி.

ஆயுள் முடிந்தால் மோட்டார் வெறுமனே நின்றுபோனால் பரவாயில்லை, ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகலாம். இன்சுலேஷன் கருகி, கம்பி மோட்டாரின் உடம்பைத் தொட்டால்தான் விபரீதம். எர்த் ஒழுங்காக இருந்தால் ஃபியூஸ் போகும். எத்தனை வீடுகளில் எர்த் ஒழுங்காக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பம்ப் இருக்கும் இடம் எப்போதும் ஈரம். ஈரக் காலோடு வந்து அதைத் தொடுபவருக்கு, ஏதோ ஒரு லேபில் ஏதோ ஒரு மாலையில் ஒருவர் இன்னும் மூன்று ரீடிங் எடுத்தாரா இல்லையா என்பது கடைசி வரை தெரியப் போவதில்லை.

அந்த உரிமையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாள் தாமதம் என்றால் அவருக்குப் பணம், ஆர்டர், பேங்க் தவணை எல்லாம் இருக்கிறது. லேபுக்கும் அப்படித்தான், ஒரு பம்ப் மேஜையை விட்டு இறங்கினால்தான் அடுத்தது ஏறும். எல்லோரும் ‘நின்றுவிட்டது’ என்ற சொல்லைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சொல்லை ஆளைப் பார்த்துச் சொல்லாமல், எண்ணைப் பார்த்துச் சொல்ல ஒரு விதி தேவைப்படுகிறது.

நம் வகுப்பு மக்களுக்கு ஒரு வார்த்தை. சம்ப்னர் டெஸ்டைப் பற்றி எழுதும்போது ‘வெப்பநிலை நிலைக்கும் வரை ஓட்டவும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். இரண்டு மின்மாற்றிகளை முதுகோடு முதுகாக இணைத்து, இழப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, முழுச் சுமையின் சூட்டை உண்டாக்குகிற அந்தத் தந்திரமே இப்படி மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருப்பதால்தான் பெரிய உதவி. வைவாவில் ‘எப்போது நிறுத்துவீர்கள்’ என்று கேட்டால், “மாறாமல் இருக்கும்போது” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மாறாமல் என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்களில் யாராவது வேறு லேபில் வேறு விதமாகச் செய்வதைப் பார்த்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.